இடது முன்சக்கரத்தின் சத்தம்

பதினொரு பெண்கள் எங்கள் வேனுக்குள் ஏறி அமர்ந்திருந்தார்கள். வேன் எங்கும் புறப்படுவதாக இல்லை. விம்கோ நகரில் ஏகாம்பரத்தின் பட்டறை வாசலில், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் முட்டுக்கொடுக்கப்பட்டு, அது அசையாமல் நின்றிருந்தது. எண்ணூரில் முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் அந்தப் பெண்கள். மடியில் காலிச் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு, கல்யாணத்துக்குப் போகிறவர்களைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

மெக்கானிக் ஏகாம்பரம் இடது முன்சக்கரத்தின் அருகில் குந்தியிருந்தார். வலது கையை முழங்கை வரை சக்கரத்துக்குப் பின்னால் நுழைத்து, நாடி பார்க்கும் வைத்தியரைப் போலக் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் ஒண்ணா குதிங்க” என்றார்.

உள்ளிருந்து மேரியின் குரல் வந்தது. அந்தப் பெண்களில் மூத்தவர் அவர், உடம்பிலும் பெரியவர். “இன்னா ஏகாம்பரம், இப்பதான் சோறு துன்னுட்டு வர்றோம். குதிச்சா வாந்திதான் வரும்.”

“வந்தா அந்தாண்ட ஜன்னலு பக்கம் போ. இந்தாண்ட நான் கீறேன்.”

வேன் முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பூவரச மரத்தடியில், தோளில் துண்டுடன், நீதிமன்றத்தில் நிற்பவனைப் போல் நின்றுகொண்டிருந்தேன். ஓட்டுநர் இருக்கையின் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள் என் மருமகள் செல்வி. அந்த வேனை அவள் தொடர்ந்து ஓட்டலாமா, கூடாதா என்பது அந்தக் குதிப்பில் அடங்கியிருந்தது. ஒரு சத்தத்தை அத்தனை பெரிய வழக்காக ஆக்கி வைத்தவன் நான்.

வின்ச்சு தந்த காது

துறைமுகத்தில் நான் வின்ச்சு இயக்கிய நாட்களைப் பற்றிச் சென்ற வாரப் பத்தியில் எழுதியிருந்தேன். கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கை மேலே தூக்கும் இயந்திரம் அது. இயக்குகிறவனுக்குப் பல சமயங்களில் கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. மேல்தளத்தில் நிற்பவன் காட்டும் கைச்சாடையும், இரும்பு வடம் எழுப்பும் ஓசையுமே அவனுக்கு வழிகாட்டிகள்.

ஒருநாள் மூட்டைகள் பாதி உயரம் வந்திருந்தபோது, வடத்தின் ஓசையில் ஒரு கீறலை உணர்ந்தேன். துணி கிழிவது போல மிக மெல்லிய ஓசை. உடனே நிறுத்தி, சரக்கை மெதுவாக ஓரத்தில் இறக்கச் செய்தேன். வடத்தைச் சோதித்தபோது அதன் புரிகளில் இரண்டு அறுந்திருந்தன. கீழே ஆறு தொழிலாளர்கள் நின்றிருந்தார்கள். அன்று முதல் என்னைக் ‘காதுக்காரர்’ என்று அழைத்தார்கள்.

அந்தப் பெயர் எனக்கு நன்மை செய்ததோ இல்லையோ, தீமை ஒன்று நிச்சயம் செய்தது. ஒரு சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் அதன் காரணமும் எனக்குத் தெரிந்துவிட்டதாக நம்பத் தொடங்கினேன். கேட்பது வேறு, காரணம் அறிவது வேறு என்று எழுபது வயதை நெருங்கும்போதுதான் கற்றுக்கொண்டேன். அதற்கு ஒரு பழைய வேன் தேவைப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு சிறு விளக்கம். எழுத்து எனக்குப் பள்ளி தந்ததன்று. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ராயபுரத்துப் படிப்பகம் ஒன்றில் நாளிதழ்த் தலையங்கங்களைப் பார்த்து எழுதிப் பழகியவன் நான். ஆகவே பட்டறைப் பொருள்களை எழுத நேரும்போது நல்ல தமிழ்ச் சொல் கிடைக்குமா என்று தேடுகிறேன். ‘பால் ஜாயின்ட்’ என்பதற்குப் பந்து மூட்டு என்று எழுதி ஏகாம்பரத்திடம் படித்துக் காட்டினேன். “அந்தப் பேரச் சொல்லிக் கடையில கேட்டின்னா ஆஸ்பத்திரிக்கு வழி சொல்வான் நைனா” என்றார். எனவே பால் ஜாயின்ட் என்றே எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

உப்புக் காற்றும் ஒரு டப்பா எண்ணெயும்

பணி ஓய்வுக்குப் பிறகு வாங்கிய வேன் அது. என்னிடம் வருமுன்பே இரண்டு கை மாறியிருந்தது. ஓட்டுநரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் அமரலாம். திருவொற்றியூரிலிருந்தும் விம்கோ நகரிலிருந்தும் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்லும் பெண்களை விடியற்காலையில் ஏற்றிச் சென்று பிற்பகலில் அழைத்து வருவது அதன் பணி. ஏழு ஆண்டுகள் நானே ஓட்டினேன். கண் அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் இருட்டில் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

என் மகன் கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்பவன். ஆண்டில் ஒன்பது மாதம் கடலில் இருப்பான். வண்டியை விற்றுவிடலாம் என்று அவன் சொன்னபோது, செல்விதான் தான் ஓட்டுவதாகச் சொன்னாள். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள்; திருமணத்துக்கு முன்பே ஆட்டோ ஓட்டியவள். வேனுக்கான உரிமமும் பேட்ஜும் முறையாகப் பெற்றாள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. ஐந்தரை மணி இருட்டில் வாசலில் வந்து நிற்கும் வண்டியை ஒரு பெண் ஓட்டி வந்தால் வீட்டில் எவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார்கள்.

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், எங்கள் பகுதியில் இரும்பின் ஆயுள் மனிதர்கள் கையில் இல்லை. எங்கள் தெருவில் ஒருவருடைய வண்டித் தரை நான்கே ஆண்டுகளில் துருப்பிடித்து, உள்ளே உட்கார்ந்தபடியே சாலையைப் பார்க்கும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. எங்கள் வேனுக்கு அந்தக் கதி நேரவில்லை. அதற்குக் காரணம் நான் என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

என் தாய்மாமன் வீடு முகத்துவாரக்குப்பத்தில் இருக்கிறது. கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்தில் அங்கே மரப் படகுகளைக் கரையேற்றி, சுறாவின் ஈரலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை அடிப்பலகையில் பூசுவார்கள். நாற்றம் மூன்று தெருவுக்கு வரும். ஆனால் உப்பு நீர் அந்தப் பலகையை ஒன்றும் செய்ய முடியாது. அந்த முறையை நான் வேனுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வோர் ஆண்டும் தடைக்காலத்தில் மாமன் மகனிடமிருந்து ஒரு டப்பா எண்ணெய் வாங்கி வந்து, வேனின் அடியில் சாக்கு விரித்துப் படுத்து, தேங்காய் நாரால் மூலைமுடுக்கெல்லாம் பூசுவேன். ஓரிடமும் விட்டுவைப்பதில்லை. முதல் வாரம் பயணிகள், மீன்வாடைக் காற்று என்று எண்ணி, மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பிறகு பழகிவிடும்.

ஆணியில் தொங்கிய சாவி

செல்வி ஓட்டத் தொடங்கி ஐந்தாவது மாதம். மழைக்காலம் முடிந்து சாலைகள் பல்லிளித்துக்கொண்டிருந்த நாட்கள். ஒரு பிற்பகல், அவள் வேனைத் தெருவுக்குள் திருப்பி வருகையில், பால் நிலையத்துக்கு எதிரில் இருந்த பள்ளத்தில் முன்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தத்தைத் தெருவில் நின்றபடி கேட்டேன். பின்னிருக்கைகளில் ஐந்தாறு பெண்கள் இன்னும் இறங்காமல் இருந்தார்கள். மரக்கட்டையைக் கல்லில் தட்டியது போன்ற ஓசை. மறுநாளும் கேட்டது.

என் தீர்ப்பு உடனே எழுதப்பட்டுவிட்டது. ஏழு ஆண்டுகள் நான் ஓட்டியபோது இல்லாத சத்தம். கை மாறிய ஐந்தாம் மாதம் வந்திருக்கிறது. ஆகவே கைதான் காரணம். பள்ளங்களில் வேகமாக இறக்கி முன்பக்கத்தை உடைத்துவிட்டாள் என்று முடிவு செய்தேன்.

அன்று இரவு உணவின்போது அதைச் சொன்னேன். மென்மையாகச் சொல்லியிருக்கலாம். பள்ளம் பார்த்து ஓட்டத் தெரியாதவர்களிடம் வண்டியைக் கொடுத்தது என் பிழை என்றும், அடுத்த மாதம் முதல் அடுத்த தெருவில் இருக்கும் ஓட்டுநர் ஒருவர் வருவார் என்றும் அறிவித்தேன். அறிவித்தேன் என்பதே பொருத்தமான சொல். யாரையும் கலந்து பேசவில்லை.

செல்வி சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு வந்தாள். தன் கைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்து, நாட்காட்டிக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினாள். முதல் நாள் நான் கொடுத்ததிலிருந்து அந்தச் சாவி அவளுடைய பேட்ஜோடு சேர்ந்து அந்தப் பையிலேதான் இருந்து வந்தது.

“அஞ்சரைக்கு அவங்கள்லாம் ரோட்ல வந்து நிப்பாங்க மாமா. இந்த மாசம் முடியட்டும்” என்றாள்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் ஆணியிலிருந்து சாவியை எடுப்பாள். பிற்பகலில் வந்ததும் திரும்ப மாட்டிவிடுவாள். வாடகைச் சைக்கிளைக் கடையில் விடுவது போல. என்னிடம் பேசுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. காபி வந்தது, மாத்திரை வந்தது. ஆணி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மரியாதை என்று நான் நினைத்த இருக்கை

என் துணைவி சச்சரவுகளில் தலையிடுபவள் அல்லள். ஆனால் ஒரு காலையில் இட்லியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

“வின்ச்சு ஓட்டுன காது, வின்ச்சு ஓட்டுன காதுன்னு சொல்லிக்கினே கீறியே. அந்தப் பொண்ணு ஓட்டுற வண்டில ஒரு நாளு முழுசா உக்காந்து போய்ப் பாத்தியா?”

மறுநாள் விடியலில் நானும் கிளம்பினேன். ஏற வேண்டியவர்கள் எல்லோரும் ஏறியபின் பார்த்தால், பின்னால் பத்துப் பேர் அமரும் இடத்தில் பதினொருவர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநருக்கு இடதுபுறம் முன்னிருக்கை காலியாக இருந்தது. பெரியவருக்கு மரியாதையாக ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணி, அதில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தேன். மேரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். செல்வி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். மேரி சாப்பாட்டுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

வலப்புறம் கடல் வெளுத்துக்கொண்டு வந்தது. இடப்புறம் கண்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசையாக நின்றன. அவற்றின் கீழே ஓட்டுநர்கள் ஸ்டவ் பற்றவைத்துத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரச் சாம்பலும் மீனும் டீசலும் கலந்த காற்று முகத்தில் அடித்தது. அந்தச் சாலையில் பள்ளங்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் என் காலுக்கடியில் ‘டொக்’ என்றது. தெருவில் நின்று கேட்டதைவிட இரண்டு மடங்கு பலமாக.

ஆனால் ஒன்றை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவள் ஒவ்வொரு பள்ளத்தையும் தொலைவிலேயே கண்டுகொண்டு, நடக்கிற வேகத்துக்கு வண்டியைக் குறைத்து, தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவது போல் இறக்கினாள். என்னால் அப்படி ஓட்டியிருக்க முடியாது. என் தீர்ப்பு அங்கேயே ஆட்டம் கண்டிருக்க வேண்டும். காணவில்லை. உடைத்த பிறகு மெதுவாக ஓட்டி என்ன பயன் என்று எனக்குள் வாதாடிக்கொண்டேன். பிடிவாதம் எப்போதும் ஒரு வாதத்தைக் கைவசம் வைத்திருக்கிறது.

அன்றே வண்டியை நானே ஓட்டிக்கொண்டு ஏகாம்பரத்திடம் சென்றேன்.

வெறும் வண்டி பேசாது

ஏகாம்பரத்தின் பட்டறை மிகச் சிறியது. ஒரு தகரக் கூரை. சுவரில் புத்தர் படம். அதன் கீழே அளவு வாரியாக மாட்டிய ஸ்பேனர்கள். அவருடைய அண்ணன் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிப்பவராக இருந்தவர். தம்பிக்கும் அந்தப் பொறுமை வாய்த்திருந்தது.

சத்தத்தைப் பற்றி நான் விரிவாக எடுத்துரைத்தேன். அவர் வேனை எடுத்துக்கொண்டு தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார். வேகத்தடையில் ஏற்றி இறக்கினார். நான் பக்கத்தில் அமர முயன்றபோது, தனியாகத்தான் ஓட்டிப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். ஒரு சத்தமும் இல்லை. பல் மருத்துவரிடம் போனதும் வலி நின்றுவிடுமே, அப்படி.

பிறகு வண்டியின் நடுச்சட்டத்தில் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தின் மேலும் கீழும் கைகொடுத்து ஆட்டினார். பக்கவாட்டில் ஆட்டினார். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்.

“கல்லு மாரி கீது நைனா. ஆட்டமே இல்ல.”

என் காதைச் சந்தேகிக்கிறீர்களா என்று கேட்டேன். துறைமுகத்துக் கதையையும் தொடங்கினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“சத்தம் வர்றப்போ வண்டில யார் யாரு கீறாங்க?”

சொன்னேன்.

“அப்போ அவங்களயும் வண்டியோட இட்டுக்கினு வா. வெறும் வண்டி பேசாது. ஓட்டுறவங்களயும் இட்டுக்கினு வா. நீ காதால கேக்குற, சரி. அவங்களுக்குக் கையில தெரியும்.”

யாரும் கேட்காத கேள்வி

இப்போது மீண்டும், தொடக்கத்தில் சொன்ன பட்டறை வாசலின் மூன்று மணி வெயிலுக்கு வருகிறேன்.

பெண்களைக் குதிக்கச் சொல்வதற்கு முன், ஏகாம்பரம் செல்வியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சத்தம் எப்படி வருகிறது என்று. நான் ஒரு மாதமாகக் கேட்காத கேள்வி அது.

அவள் தயங்காமல் சொன்னாள். “லெஃப்ட்ல, முன்னாடி சக்கரத்தாண்ட ண்ணா. பள்ளத்துல எறங்கும்போது வராது. ஏறி வெளிய வரும்போது ஒரு தபா வரும், அவ்ளோதான். ரெண்டு வாரமா பிரேக்கு புடிச்சா ஸ்டீயரிங்கு லேசா லெஃப்ட்டுக்கு இழுக்குது. ஆளு நெறைய கீறப்போ ஜாஸ்தி. முன் சீட்டு காலியா இருந்தா பாதி கொறஞ்சிடும். அதான் மேரி அக்காவ பின்னாடி உக்காத்தி வெச்சேன்.”

“அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? எனக்குக் காத்து வர்ற சீட்டு குடுக்கப் புடிக்கலன்னு நெனச்சேன்” என்று மேரி உள்ளிருந்து குறைபட்டுக்கொண்டார்.

நான் மரியாதை என்று நினைத்து அமர்ந்த இருக்கையின் கதை அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்கு எதிராக அந்தப் பயணத்தில் நான் சேகரித்த சான்றில் பாதி என் சொந்த எடையால் எழுந்தது.

“இதெல்லாம் ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்க கேக்கல மாமா. ஒடச்சிட்டன்னு சொன்னீங்க.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஏகாம்பரம் மேரியை முன்னிருக்கைக்கு வரச் சொன்னார். சக்கரத்துக்குப் பின்னால் கையை நுழைத்தார். நான் தொடக்கத்தில் சொன்ன குதிப்பு நடந்தது. முதல் குதிப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மேரி, இது பொம்பளைங்க சபையா, குத்தாட்டமா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். சிரித்துக்கொண்டே அவர்கள் மூன்றாம் முறை ஒன்றாக எழும்பி அமர்ந்தபோது, வேன் கீழே அமிழ்ந்து மேலே வந்தது.

டொக்.

ஏகாம்பரத்தின் கண்கள் திறந்தன. “இன்னொரு தபா.”

டொக்.

“புட்ச்சிட்டேன். எல்லாரும் எறங்குங்க. மெதுவா.”

ஜாக்கி வைத்த இடம்

அவர் அடுத்துச் செய்ததை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். சென்ற முறை நடுச்சட்டத்தில் வைத்த ஜாக்கியை இம்முறை அங்கே வைக்கவில்லை. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கரத்தின் அடியில், சக்கரத்துக்கு நெருக்கமாக வைத்தார். எங்கள் வேனில் பெரிய சுருள் ஸ்பிரிங் அந்தக் கீழ்க்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சட்டத்தைத் தூக்கினால், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் பலத்தால் மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்மானம் வெளியே தெரியாது. கரத்தைத் தூக்கினால் அந்தப் பிடி விலகும். போன தடவை அவசரத்தில் தப்பான இடத்தில் வைத்துவிட்டதாக அவரே சொன்னார். தன் தவற்றைப் பதினொரு பேர் முன்னிலையில் அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்பதை நான் கவனித்தேன்.

சக்கரத்தின் கீழே ஒரு கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பினார். கல்லைப் போல் இருந்த சக்கரம், ஆடும் பல்லைப் போல் மேலும் கீழும் அசைந்தது.

கழற்றி எடுத்த பால் ஜாயின்ட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு கிண்ணத்துக்குள் உருளும் இரும்புப் பந்து. அந்தப் பந்து விளிம்பு வரை தேய்ந்து லொடலொடவென்று ஆடியது. அதை மூடியிருக்க வேண்டிய ரப்பர் உறை ஊறிப் பெருத்து, கிழிந்து, ஈரப் பஞ்சுபோல் தொங்கியது. உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ் இல்லை. துருவும் உப்பு மணலும் இருந்தன.

“இது கயண்டுச்சின்னா சக்கரம் அப்டியே வெளிய மட்ச்சிக்கும். ஸ்டீயரிங்க புட்ச்சிக்கினு பாத்துக்கினு இருக்க வேண்டியதுதான். பக்கத்துல கண்டெய்னரு வந்துகினு இருந்தா…”

பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். மேரி நெற்றியிலும் மார்பிலும் சிலுவையிட்டுக்கொண்டார். செல்வி தான் பிடித்திருந்த கதவைவிட்டு வந்து, அந்த இரும்புத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு மாதமாக அதைத்தான் அவள் நடக்கிற வேகத்தில் காப்பாற்றி வந்திருக்கிறாள். பயம் வர வேண்டிய நேரம். ஆனால் என் உடம்பில் முதலில் பரவியது பெரிய ஆறுதல்தான். ஒன்றும் நேரவில்லை. பதினொரு பேரும் மரத்தடியில் முழுசாக நின்றிருந்தார்கள்.

அப்போது ஏகாம்பரம் அந்த ரப்பரை விரலால் நசுக்கி, மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி முகர்ந்தார். குனிந்து அடியில் மற்ற ரப்பர் புஷ்களையும் விரலால் அழுத்திப் பார்த்தார். எல்லாம் ஊறிக் கொழகொழத்திருந்தன.

“இன்னாது இது, மீன் எண்ணெ வாசன வருது? இரும்புக்குப் பூசலாம், சரி. ரப்பருல பட்டா ஊறிப் பூடும். அப்பால உப்புத் தண்ணி உள்ள போயி மூட்டத் துன்னுடும். எவன் பூசுனது?”

தடைக்காலம்தோறும் வேனின் அடியிலிருந்து என் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதைச் செல்வி பார்த்திருக்கிறாள். டப்பாவை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு மாதமாக அவள்மீது சுமத்தியிருந்த பழியை ஒரே சொல்லால் என்மீது இறக்கி வைக்க அவளுக்கு முழு உரிமை இருந்தது.

“பழைய ஓனரு பூசியிருப்பாரு போல ண்ணா” என்றாள்.

என்னைப் பார்க்காமலே சொன்னாள். ஏகாம்பரமும் தலையசைத்தார். அத்தோடு முடிந்திருக்கும். அந்த ஒரு கணம் எனக்கு அது போதும் என்றும் இருந்தது, மறைக்க மாட்டேன். கேட்கிறவர்கள் பதினொரு பெண்கள். அனைவரும் என்னை ஐயா என்று அழைப்பவர்கள்.

ஆனால் ஏகாம்பரம் ஜாக்கியைப் பற்றிச் சொன்ன சுலபம் என் கண்முன் இருந்தது.

“பழைய ஆள் இல்ல. நான்தான் பூசினேன். ஏழு வருசமா. செல்வி ஒண்ணும் ஒடைக்கல. வண்டிய ஒடச்சது நான்” என்றேன்.

மேரி கேட்டார். “அப்போ நாங்க இத்தினி நாளா கருவாட்டு வண்டிலயா வேலைக்குப் போய்க்கினு இருந்தோம்?”

அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள், தோள்கள் குலுங்கின. ஏகாம்பரம் அடியில் புகுந்து சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து எனக்கு ஓர் ஆறுதலும் அளித்தார். “இரும்பு புதுசு மாரி கீது நைனா. அத ஒத்துக்கணும். ரப்பருதான் பூட்ச்சு.”

சத்தம் போன பிறகு

இரண்டு நாள் வேலை. இரண்டு பக்கமும் பால் ஜாயின்ட்டும், முன்பக்கத்துப் புஷ்கள் அனைத்தும் புதிதாகப் போடப்பட்டன. மற்ற ரப்பர்களைச் சோப்பு நீரால் கழுவினார். இனி எண்ணெய் பூசினால் சட்டத்துக்கு மட்டும், அதுவும் ரப்பரிலிருந்து ஒரு சாண் தள்ளி என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்த இரண்டு நாளும் பெண்கள் பேருந்தில் போனார்கள். ஷிப்டுக்குத் தாமதமானதற்கு என்னைக் காரணம் சொல்லிக்கொண்டார்களாம். அது நியாயமே.

அடுத்த தெரு ஓட்டுநரிடம் நானே நடந்து சென்று, வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதைச் செல்வியிடம் தெரிவித்தேன். ஒரு மாதத்துக்கு முன் சொன்ன சொற்களுக்காக வருந்துகிறேன் என்பதையும், தலையங்கத் தமிழ் எதுவும் உதவிக்கு வராமல், தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

“சரி மாமா” என்றாள். சற்றுப் பொறுத்து, “எண்ணெ டப்பாவ எங்க வெச்சிகீறீங்க?” என்று கேட்டாள்.

மாடிப்படியின் கீழே என்றேன். அவள் போய் அதை எடுத்து வந்து, அடுப்படி மேல்தட்டில், எனக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள். என் துணைவி அதற்கு முன்னால் பெரிய இட்லிப் பானையையும் நகர்த்தி வைத்தாள். இருவரும் முன்கூட்டிப் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது.

வண்டி வந்த மறுநாள் விடியலில் நானும் அவர்களோடு போனேன். முன்னிருக்கையில் மேரி அமர்ந்து காற்று வாங்கினார். நான் பின்னால் கடைசி வரிசையில், சாப்பாட்டுப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். பால் நிலையத்துப் பள்ளம் வந்தது. பற்களைக் கடித்துக்கொண்டேன். வண்டி இறங்கியது, ஏறியது. ஒன்றும் இல்லை. கடற்கரைச் சாலை முழுவதும் ஒன்றும் இல்லை. என் முன்னால் இருந்த இரண்டு பெண்கள் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. இத்தனை ஆண்டுகளில் அந்த வண்டிக்குள் அவர்கள் பேசுவதை நான் கேட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு வேன் வாசலில் வந்து நின்றது. செல்வி உள்ளே வந்து, முகம் கழுவி, எனக்குக் காபி கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். நான் காபியை ஆற்றிக்கொண்டே நாட்காட்டியின் பக்கம் பார்த்தேன்.

ஆணியில் சாவி இல்லை.

காபியைக் குடித்து முடித்து, பல நாட்களுக்குப் பிறகு, அந்தச் சுவருக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் செய்தித்தாள் படித்தேன்.